புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிறகு "தினமும் நடங்க" மட்டும் போதுமா? 60 தாண்டியவர்களுக்கான பயிற்சி பற்றி

#1 கரிசல்நடை (நடைக்குழு பயிற்சியாளர்)

எங்கள் காலை நடைக்குழுவில் புற்றுநோய் சிகிச்சை முடித்த நாலு பேர் சேர்ந்திருக்காங்க. நாலு பேர் சீட்டிலும் ஒரே வரி: "தினமும் நடக்கவும்". நடக்கிறாங்க, குறை சொல்ல முடியாது. ஆனா பெஞ்சிலிருந்து கை ஊன்றாமல் சுலபமா எழ ஒருத்தரால்தான் முடியுது.

அ) 64 வயது அம்மா. இடது மார்பகம் எடுத்து, அக்குள் நெறிக்கட்டிகளும் எடுத்தாச்சு. கீமோ, ரேடியேஷன் முடிந்து ஒன்றரை வருஷம். லெட்ரோசோல் (ஹார்மோனைக் குறைக்கிற மாத்திரை) ஓடுது. காலையில் விரலும் முழங்காலும் பிடிச்சுக்குது. இடது கையில் லேசான வீக்கம்.

ஆ) 67 வயது ஆண். பெருங்குடல், மூன்றாம் நிலை. ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்த கீமோ முடிந்து நாலு மாசம். பாதம் மதமதன்னு இருக்கு. சர்க்கரைக்கு மாத்திரை.

இ) 61 வயது ஆண். வாய்ப்புற்று. வலது கழுத்தில் அறுவை, பிறகு ரேடியேஷன். வலது தோள் இறங்கி நிக்குது. எப்பப் பார்த்தாலும் அசதி.

ஈ) 73 வயது. புராஸ்டேட். மூணு மாசத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி. இடுப்பெலும்பில் பரவல் இருக்கு, வலி இல்லை.

நாலு பேருக்கும் ஒரே பயிற்சி கொடுக்கலாமா? எதில் தொடங்கணும்?

#2 தோள்பட்டை (பிசியோதெரபிஸ்ட்)

ஒரே பயிற்சி வேண்டாம். அடிப்படை ஒன்றுதான், அளவும் தடையும் ஆளுக்கு ஆள் மாறும். எந்தப் புற்று வந்தது என்பதை விட, சிகிச்சை எதை விட்டுவிட்டுப் போயிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பயிற்சி.

நடை இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது. சமதரையில் நடக்கும்போது தொடைத் தசை தன் பலத்தில் கொஞ்சம்தான் செலவழிக்கிறது, அதனால் தசை வளராது. வயது, படுக்கை, ஸ்டீராய்டு, ஹார்மோன் குறைப்பு எல்லாமே தசையைத் தேய்க்கின்றன. முதலில் போவது சட்டென்று விசை தரும் இழைகள். நாற்காலியிலிருந்து எழவும், தடுக்கினால் சுதாரிக்கவும் அவைதான் வேண்டும்.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (ACSM என்ற நிபுணர் அமைப்பு) 2018-இல் பல நாட்டு நிபுணர்களைக் கூட்டி, 2019-இல் வெளியிட்ட அளவு இது: மிதமான நடை போன்றது 30 நிமிடம், வாரம் 3 நாள், பலப்பயிற்சி வாரம் 2 நாள், குறைந்தது 8 முதல் 12 வாரம். அசதி, பதற்றம், மனச்சோர்வு, அன்றாட இயக்கம் ஆகியவற்றில் மாற்றம் தெரிய இந்த அளவு போதும் என்றார்கள்.

முதலில் அளந்துவிடுங்கள். இருக்கை தரையிலிருந்து 43 செ.மீ. உயரம், கைப்பிடி இல்லாத நாற்காலி. கை இரண்டையும் மார்பில் குறுக்கே கட்டி, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணவும். கை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். 60–64 வயதில் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14. 65–69-இல் 11, 12. 70–74-இல் 10, 12. இதற்குக் கீழே வந்தால் விழும் ஆபத்து கூடுதல் என்று பொருள். நாலு பேருக்கும் எடுத்து இங்கே போடுங்கள்.

#3 வார்டு_அக்கா (புற்றுநோய்ப் பிரிவு செவிலியர்)

தோள்பட்டை சார், ஒரு நிமிஷம். ஈ-க்கு இப்போ அந்தச் சோதனை வேண்டாம். இடுப்பெலும்பில் பரவல்னு எழுதியிருக்காரே. ஸ்கேனைப் பார்த்து எலும்பு எவ்வளவு பலவீனம்னு அவங்க டாக்டர் சொன்ன பிறகுதான் "முடிஞ்ச வரைக்கும் வேகமா எழுந்திரு" மாதிரி எதுவும்.

பயிற்சியாளர் தம்பிக்கு, எந்த நாளில் தொடவே கூடாதுன்னு சொல்லிடறேன். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸுக்கு மேலே (பாரன்ஹீட்டில் 100.4). புதுசா நெஞ்சுவலி. படுத்தா மூச்சு முட்டுறது. ரெண்டு மூணு நாளில் 2 கிலோ ஏறி கால் வீங்குறது. கீமோ இன்னும் ஓடுறவங்க யாராவது சேர்ந்தா ரத்த ரிப்போர்ட் கேளுங்க: தட்டணு (பிளேட்லெட்) 50,000-க்குக் கீழேன்னா எடை வேண்டாம், ஹீமோகுளோபின் 8-க்குக் கீழேன்னா டாக்டரைக் கேட்காம எதுவும் வேண்டாம்.

அ அம்மாவோட ஃபைலில் அட்ரியாமைசினோ (சிவப்பு மருந்துன்னு சொல்வாங்க), டிரஸ்டுசுமாபோ இருக்கான்னு பாருங்க. ரெண்டுமே இதயத்தைப் பாதிக்கலாம். கடைசி எக்கோ எப்போ எடுத்தாங்கன்னு கேட்டு எழுதி வெச்சுக்குங்க.

#4 பிங்கலை (யோகா ஆசிரியை)

அக்குள் நெறிக்கட்டி எடுத்த கையில் பிரஷர்கூடப் பார்க்கக் கூடாது, ஒரு குடம் தூக்கக் கூடாது என்றுதானே இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறார்கள்? இப்போது அந்தக் கைக்குப் பலப்பயிற்சி என்றால் வீக்கம் கூடாதா? மென்மையாக சூரிய நமஸ்காரம், பச்சிமோத்தானாசனம், சர்வாங்காசனம் கொடுத்தாலே ரத்த ஓட்டத்துக்குப் போதுமே.

#5 தோள்பட்டை

பிங்கலை மேடம், நியாயமான பயம்தான். ஆனால் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவின் ஆய்வு, 2009, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின். ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்கள். ஒரு பாதிக்கு வாரம் இரண்டு முறை எடைப்பயிற்சி. முதல் 13 வாரம் மேற்பார்வையில், மொத்தம் ஒரு வருஷம். வீக்கம் 5 சதவீதத்துக்கு மேல் கூடியவர்கள் எடை தூக்கிய குழுவில் 11 சதவீதம், தூக்காத குழுவில் 12. வீக்கம் திடீரென்று மோசமானது 14 சதவீதத்துக்கு எதிராக 29. அதாவது தூக்காதவர்களுக்குத்தான் இரண்டு மடங்கு.

ஏன் என்றால், பலமில்லாத கைக்கு வீட்டு வேலையே அதிக எடை. ஒரு குடம் தண்ணீர் 12, 15 கிலோ. நிறைந்த காஸ் சிலிண்டர் 30 கிலோவைத் தொடும். பழக்கமே இல்லாத கை ஒருநாள் திடீரென்று அதை இழுத்தால் திசு தாங்காது. பலத்தைப் படிப்படியாக ஏற்றி வைத்தால் அதே வேலை கைக்குச் சின்னதாகிவிடும். ஊசியும் பிரஷரும் மறு கையில் என்பது ஒரு முன்னெச்சரிக்கை, இருக்கட்டும். அதையும் இதையும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

செய்யும் முறை: அளவெடுத்த அழுத்த உறை (கை ஸ்லீவ்) போட்டுக்கொண்டுதான் பயிற்சி. தொளதொளத்த பழைய உறை பிரயோஜனமில்லை, மணிக்கட்டில் மட்டும் இறுக்குவது அதைவிட மோசம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரை கிலோ, அதில் தொடங்கலாம். 10 முறை, ஒரு சுற்று. இரண்டு வகுப்பு முடிந்தும் கனம், இறுக்கம் எதுவும் கூடவில்லை என்றால் இன்னும் அரை கிலோ, அவ்வளவே. இடையில் ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய எடைக்குப் போகாமல் இறங்கித் தொடங்கவும். பெரும்பாலும் கை வீங்குவது இந்த இடத்தில்தான்: ஊருக்குப் போய்விட்டு வந்து, விட்ட இடத்தில் பிடிப்பார்கள்.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், டேப் வைத்து அளக்கவும். மணிக்கட்டு எலும்பு மேட்டிலிருந்து மேல்நோக்கி 10, 20, 30, 40 செ.மீ. தள்ளிப் புள்ளி வைத்துச் சுற்றளவு. இரண்டு கையும். எந்தப் புள்ளியிலாவது வித்தியாசம் 2 செ.மீ. தாண்டினால், அல்லது முன்பிருந்ததைவிட வளர்ந்துகொண்டே போனால், பிசியோவிடம் அனுப்புங்கள். சிவந்து, சூடாக, காய்ச்சலோடு வந்தால் தோல் தொற்று, அன்றே ஆஸ்பத்திரி.

ஆசனம் பற்றி. லெட்ரோசோல் எலும்பைக் கரைக்கும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் பார்க்காமல் இந்த அம்மாவை முன்னால் மடங்க வைக்காதீர்கள். பச்சிமோத்தானம், பாதஹஸ்தம், ஹலாசனம் இவற்றில் முதுகெலும்பின் முன்பக்க விளிம்பில்தான் பாரம் முழுதும் இறங்கும். பலவீனமான எலும்பு நசுங்குவது அங்கேதான். சர்வாங்காசனத்தில் கழுத்தில் பாரம். மாறாக, சுவரில் ஒரு கை வைத்து விருட்சாசனம், வீரபத்ராசனம், தாடாசனத்தில் குதிகால் தூக்குவது மூன்றும் இவருக்கு அருமையாகப் பொருந்தும். அது உங்கள் கைவரிசை, நான் சொல்ல வேண்டியதில்லை.

#6 பிங்கலை

அடர்த்தி ஸ்கேன் கேட்காமல் முன்மடிப்பு கொடுத்திருப்பேன், ஒத்துக்கொள்கிறேன். லெட்ரோசோல் எடுக்கும் பெண்கள் மூட்டுவலி தாங்காமல் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்களே, அதற்கு இந்தப் பயிற்சி உதவுமா?

#7 தோள்பட்டை

உதவும். 2015-இல் வந்த ஹோப் ஆய்வு இதற்கென்றே செய்தது. 121 பெண்கள், அவர்களில் ஒரு பாதிக்கு வாரம் 150 நிமிட நடை, இரண்டு நாள் பலப்பயிற்சி. ஒரு வருஷத்தில் அந்தப் பாதியில் மூட்டுவலி மதிப்பெண் 29 சதவீதம் குறைந்தது. வலி முழுதாகப் போய்விடும் என்று மட்டும் சொல்லி வகுப்பில் சேர்க்காதீர்கள். காலை விறைப்பு தளர்ந்த பிறகு, குளித்துவிட்டு வந்து செய்தால் விரலும் முழங்காலும் ஒத்துழைக்கும். மாத்திரையை நிறுத்துவது, மாற்றுவது எல்லாம் டாக்டரிடம் பேச வேண்டியது.

#8 கரிசல்நடை

அ அம்மா 8, ஆ 9, இ 13. ஈ-க்கு எடுக்கலை.

ஆ பற்றி ரெண்டு கேள்வி. "நடந்தால் புற்றுநோய் திரும்பாது, நிரூபிச்சாச்சு"ன்னு வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டினார், நிஜமா? இன்னொன்னு, பூங்காவில் எட்டு வடிவப் பாதையும் பக்கத்திலேயே கூழாங்கல் பாதையும் இருக்கு. ரெண்டிலும் செருப்பில்லாம நடக்கிறார். மரத்துப்போன காலுக்கு உணர்ச்சி திரும்பும்னு யாரோ சொன்னாங்களாம்.

#9 மெட்10

முதல் கேள்விக்கு நான். அந்தச் செய்தியின் வேர் 2025 ஜூனில் வெளியான சேலஞ்ச் ஆய்வு. வாட்ஸ்அப்பில் பாதி விழுந்துவிட்டது. 889 பேர். எல்லாருக்கும் பெருங்குடல் புற்று, மூன்றாம் நிலை அல்லது ஆபத்து அதிகமான இரண்டாம் நிலை. கீமோ முடிந்து 2 முதல் 6 மாதத்துக்குள் சேர்ந்தவர்கள். ஒரு பாதிக்குக் கையேடு மட்டும். மறுபாதிக்கு மூன்று வருஷம் பயிற்சி ஆலோசகர். 5 வருஷத்தில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 80.3 சதவீதம், கையேட்டுக் குழுவில் 73.9. 8 வருஷத்தில் உயிரோடு இருந்தவர்கள் 90.3, 83.2.

ஆக "திரும்பாது" அல்ல, "திரும்பும் வாய்ப்பு குறைகிறது". அதுவும் இந்த நோய்க்கு, இந்த நிலைக்கு. மார்பகத்துக்கும் வாய்க்கும் இதே எண்ணை ஒட்டவைக்க முடியாது. ஆ-வுக்கு அப்படியே பொருந்தும், கீமோ முடிந்து நாலு மாசம் என்றால் சரியான நேரமும்கூட.

அளவு: ஏற்கெனவே செய்வதற்கு மேல் வாரம் 10 மெட்-மணி (மெட் என்பது உழைப்பின் அளவு, அதை மணி நேரத்தால் பெருக்க வேண்டும்). சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட், விறுவிறு நடை ஏறக்குறைய 4. ஆக கூடுதலாக வாரத்துக்கு இரண்டரை மணி நேர விறுவிறு நடை, 45 நிமிடமாக மூன்று நாலு நாள். விறுவிறு என்பதற்கு அடையாளம்: பேச முடியும், பாட முடியாது. அரட்டையோடு போகிற பூங்கா நடை இதில் சேராது. தசை, மூட்டுத் தொந்தரவு பயிற்சிக் குழுவில் 18.5 சதவீதம், மற்றதில் 11.5. அதனால் ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். வாரத்துக்கு 10, 15 நிமிடம் சேர்த்துக்கொண்டே போகலாம்.

#10 வார்டு_அக்கா

ரெண்டாவது கேள்வி எனக்கு. கூழாங்கல்லை உடனே நிறுத்துங்க. உணர்ச்சி இல்லாத காலில், அதுவும் சர்க்கரைக்காரர் காலில், கல் குத்தினா அவருக்குத் தெரியாது. சாயங்காலம் மனைவி பார்த்துச் சொல்வாங்க, அதுக்குள்ள புண். மொட்டை மாடி, கோயில் பிராகாரம் வெயில்ல வெறுங்காலும் அதே கதைதான். கல் மேலே நடந்து நரம்பு திரும்பாது.

ஆக்ஸாலிபிளாட்டின் மதமதப்புக்கு ஒரு குணம் உண்டு. மருந்தை நிறுத்தின பிறகும் ரெண்டு மூணு மாசம் கூடிட்டுப் போய், அப்புறம்தான் மெல்லக் குறையும். "நடக்க ஆரம்பிச்சதாலதான் கூடிச்சு"ன்னு பயந்து நிறுத்திடுவாங்க. முன்னாடியே சொல்லி வைங்க.

விடியறதுக்கு முன்னாடி அஞ்சு மணி நடை இவருக்கு வேண்டாம். பாதம் சொல்லாததைக் கண்ணு சொல்லிட்டிருக்கு, இருட்டில் அதுவும் போச்சு. ஆறேகாலுக்கு வெளிச்சம் வந்ததும் வரச் சொல்லுங்க. ஹவாய் செருப்பு வேண்டாம். பின்வார் உள்ள செருப்போ லேஸ் ஷூவோ. போடறதுக்கு முன்னாடி உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கணும். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கால், விரல் இடுக்கு, ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி போதும். சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு வகையா இருந்தா, வெறும் வயித்தில் முக்கால் மணி நேரம் நடக்க விடாதீங்க. நடக்கறதுக்கு முன்னாடி 100-க்குக் கீழே இருந்தா ஒரு வாழைப்பழம்.

#11 தோள்பட்டை

எட்டுப் பாதை பற்றி: கெடுதல் இல்லை, தொடர்ந்து திரும்புவது நல்ல சமநிலைப் பயிற்சிதான். ஆனால் மரத்த காலோடு விழுகிறவர்கள் திரும்பும்போதுதான் விழுகிறார்கள். முதலில் சுவரோரம் நின்று பார்க்கவும்: ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் பெருவிரலைத் தொடும்படி நேர்கோட்டில் 10 வினாடி. நிற்க முடியாதவரை எட்டில் விடாதீர்கள். தினமும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இதையே 5 முறை, பிறகு ஒரு விரல் மட்டும் தொட்டு, பிறகு தொடாமல். கண்ணை மூடிச் செய்வதெல்லாம் இவருக்கு வேண்டாம்.

இ-யின் தோள் தனிக் கதை. கழுத்து நெறிக்கட்டிகளை எடுக்கும்போது தோளைத் தூக்கிப் பிடிக்கும் நரம்பு இழுபட்டிருக்கலாம், வெட்டப்பட்டிருக்கலாம். எது என்று அறுவைக் குறிப்பில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். இழுபட்டது மாதக்கணக்கில் மீளும். வெட்டியது மீளாது, மற்ற தசைகளைப் பழக்க வேண்டும். இரண்டு நிலையிலும் கையைத் தலைக்கு மேல் எடையோடு தூக்க வைப்பது தவறு. தோள்பட்டை எலும்பைப் பிடிக்க ஆளில்லாமல் மூட்டு நெரிபடும், தோள் உறைந்துபோகவும் கூடும். முதலில் தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து 5 வினாடி பிடிப்பது, 10 முறை. பிறகு ஜன்னல் கம்பியில் மஞ்சள் (இழுக்க லேசான) எலாஸ்டிக் பட்டையைக் கட்டி, முழங்கை விலாவை ஒட்டியபடி பின்னிழுப்பது. கண்ணாடி முன்னால் செய்யட்டும். தோள் காதை நோக்கி ஏறினால் அன்றைக்கு நிறுத்தம்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்றும் பாருங்கள். முன்பல் இடைவெளி 35 மி.மீ.க்குக் கீழே என்றால் தாடை இறுக்கம். மேல், கீழ் முன்பல்லுக்கு இடையில் நடு மூன்று விரலும் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைகிறதா என்பது வீட்டுச் சோதனை. ரேடியேஷன் இறுக்கம் வருஷக்கணக்கில் வளரும், தாடை நீட்டுப் பயிற்சியை விடக் கூடாது.

#12 வார்டு_அக்கா

இ-யோட அசதிக்குப் பயிற்சி கூட்டறதுக்கு முன்னாடி தைராய்டு டெஸ்ட். கழுத்தில் ரேடியேஷன் வாங்கினவங்களுக்குத் தைராய்டு மெதுவா சோர்ந்து போகும். 6 முதல் 12 மாசத்துக்கு ஒரு தடவை டிஎஸ்எச் பார்க்கணும். அதோட ஹீமோகுளோபின், பி12. மூணும் சரியா இருந்தும் அசதின்னா, அப்போ பயிற்சிதான் மருந்து. ஓய்வு எடுத்து எடுத்து அந்த அசதி போகாது. 10 நிமிஷமா ரெண்டு வேளை ஆரம்பிங்க. மறுநாளும் அடிச்சுப் போட்ட மாதிரி இருந்தா நேத்து செஞ்சதில் மூணில் ஒரு பங்கைக் குறைங்க.

#13 ஆறு_கிராம் (உணவியலாளர்)

தசைக்கு வேலை கொடுத்துவிட்டு இட்லி மட்டும் போட்டால் பலிக்காது. கிலோவுக்கு 1 கிராம் புரதம் அடிமட்டம், முடிந்தால் 1.2 வரை. 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு இட்லி சுமார் 2 கிராம், முட்டை 6, கைப்பிடி வேர்க்கடலை (30 கிராம்) 7, உலர்ந்த சோயா உருண்டை 50 கிராம் போட்டால் 25-ஐத் தொடும். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளையும் பிரியுங்கள். பெரும்பாலும் காலைதான் காலி. இ போன்றவர்களுக்குச் சுண்டல் மெல்ல வராது. முட்டையைத் தளர்வாகக் கிளறி, பருப்பைக் கடைந்து, சத்துமாவுக் கஞ்சியில் பால் பவுடர் கலந்து கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவெல்லாம் பொருந்தாது.

#14 தோள்பட்டை

ஈ பாக்கி. ஹார்மோன் ஊசி தசையையும் எலும்பையும் ஒருசேரக் குறைக்கும். அவருக்குத்தான் பலப்பயிற்சி அதிகம் தேவை, கவனமும் அவருக்குத்தான் அதிகம் தேவை. ஸ்கேன் பார்த்து அனுமதி வரும்வரை: உட்கார்ந்தபடி கை, தோள், மார்புக்குப் பட்டைப் பயிற்சி, உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டுவது, நின்ற இடத்து சைக்கிள். இடுப்பை முறுக்குவது, ஒற்றைக்கால், குதிப்பது, எடையோடு உட்கார்ந்தெழுவது இல்லை. வலி இல்லை என்பது இன்றைய நிலை. ஒவ்வொரு வகுப்பிலும் கேளுங்கள். படுத்தால் கூடும் புது முதுகுவலி, கால் பலமிழப்பு, சிறுநீர் கட்டுவது அல்லது தானாகப் போவது, இதில் எது வந்தாலும் தண்டுவடம் நெரிபடுகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது.

#15 கரிசல்நடை

திங்கள், வியாழன் பலப்பயிற்சி; செவ்வாய், புதன், சனி நடை. அ, ஆ ரெண்டு பேருக்கும் நாற்காலி எழுதல் 8 தடவை, ரெண்டு சுற்று, நடுவில் 2 நிமிஷம் ஓய்வு. கை ஊன்றாம எழ ரொம்பக் கஷ்டப்படறதால் இருக்கையில் தலையணை போட்டு உயர்த்தலாம்னு இருக்கேன். பிளாஸ்டிக் நாற்காலி, தரையில் பாய் விரிச்சு. அ அம்மாவுக்கு ஸ்லீவ் அளவெடுக்கச் சொல்லியாச்சு. சரியா?

#16 தோள்பட்டை

நாள் பிரிப்பு சரி. தலையணை வேண்டாம், அமுங்கி இன்னும் கஷ்டமாக்கும். ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு வகுப்பில் 12 சுலபமாக வந்தால் ஒரு மடிப்பைக் குறையுங்கள். எழும்போது மூச்சை வெளியே விடச் சொல்லி, வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், மூச்சடக்க முடியாது. உட்காரும்போது மூன்று வினாடி எடுக்கணும். கடைசியில் தொப்பென்று விழுந்தால் அந்த முறை கணக்கில் இல்லை. முழங்கால் உள்ளே சாய்ந்தால் இரண்டு முழங்காலையும் சுற்றி ஒரு பட்டையைக் கட்டி, அதை வெளியே தள்ளிக்கொண்டே எழச் சொல்லவும். ஆ-வுக்கு வயிற்று அறுவைத் தழும்பு ஓரத்தில் இருமும்போது புடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். புடைத்தால் சர்ஜனிடம் காட்டிய பிறகே எழுதல்.

#17 வார்டு_அக்கா

பாயை எடுத்துடுங்க தம்பி. டைல்ஸ் மேலே பாய் வழுக்கும், பாய் மேலே நாற்காலி வழுக்கும். நாற்காலி முதுகு சுவரில் முட்டிட்டு இருக்கணும். பிளாஸ்டிக்கில் கால் விரியும், மர நாற்காலி கிடைக்குதான்னு பாருங்க.